பேத்தி படத்துக்குக் கீழே இரண்டு வரி

அனுப்புநர்:
கருப்பம்மாள் (வயது 64),
க/பெ. ஊர்க்காவலன் (காலமாகிவிட்டார்),
3/41, தெற்குத் தெரு,
நொச்சிநத்தம், சிவகாசி வட்டம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
நொச்சிநத்தம்.

பொருள்: பேருந்து நிறுத்தத்தில் உள்ள பண்டிகைப் பலகையில் இருக்கும், காலஞ்சென்ற என் பேத்தி சினேகாவின் படத்தை மாற்றச் சொல்லி நான் கொடுத்த மூன்று மனுக்களையும் திரும்பப் பெறுவதும், வருகிற போகி கோலப் போட்டிக்கு முன்னால் அந்தப் படத்தின் கீழே இரண்டு வரி எழுதக் கேட்பதும் தொடர்பாக.

பார்வை: 1. என் மனுக்கள், நாள் 26.3.2007, 19.11.2007, 3.11.2008.
2. தங்கள் அலுவலகப் பதில்கள் மூன்று.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் இந்த ஊருக்கு மாறுதலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஊரில் என்னை என் பிள்ளைகளை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஆகவே அவர்களைச் சொல்லியே தொடங்குகிறேன்.

1. என் மகன் பாலகுருவின் மூத்த பிள்ளை முனியராஜ். பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு நானூற்று நாற்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் அச்சுத் தொழில் படித்துவிட்டுச் சென்னையில் பெரிய அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அவன் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அங்கே மெஷின் ஓடும். சாத்தூரில் கட்டிக்கொடுத்த என் மகளின் பிள்ளை விக்னேஷ்குமார். உயரம் தாண்டுவதில் மாவட்டத்திலேயே இரண்டாவது. போன குடியரசு தினத்தன்று விருதுநகரில் மேடையேறிச் சான்றிதழ் வாங்கினான். மூன்றாவது, பாலகுருவின் மகள் சினேகா. எட்டாம் வகுப்பு படிக்கும்போது, 2006ஆம் வருடம் போகியன்று தங்கள் அலுவலகம் நடத்திய கோலப் போட்டியில் நாற்பத்து மூன்று கோலங்களில் முதல் பரிசு. எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, நாற்பத்தொரு வருடம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். என் வீட்டிலிருந்து மேடையேறிய முதல் பெண் பிள்ளை அவள். இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். மறைக்கவில்லை.

2. அந்தப் பரிசு வாங்கிய கோலத்துக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்து எடுத்த படம்தான் பேருந்து நிறுத்தத்துப் பலகையில் இருப்பது. "பனிக்காலத்தில் நம் ஊரில் கண்டு மகிழ" என்று மேலே தலைப்பு. கீழே பட்டியல். கார்த்திகைக்குக் காளியம்மன் கோவில் சொக்கப்பனை, மார்கழி முப்பது நாளும் பெருமாள் கோவில் பஜனை, கிறிஸ்துமஸுக்குக் கிழக்குத் தெரு குடில், போகிக்குக் கோலப் போட்டி, பொங்கலுக்கு உறியடி, வழுக்கு மரம், கடைசி நாள் கபடி. வருடா வருடம் கார்த்திகை பிறக்கும்போது வெயிலில் வெளுத்த பலகையைக் கழற்றிவிட்டுச் சிவகாசியில் அடித்த புதுசை மாட்டுகிறார்கள். படம் கம்ப்யூட்டரில் இருப்பதால் வருடத்தை மட்டும் மாற்றி, அதே படத்தைப் போடுகிறார்கள்.

3. முதல் முதலில் அந்தப் பலகை அலுவலகச் சுவரில்தான் இருந்தது. அதைச் சாலையைப் பார்த்து, பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி வைக்கும்படி நேரில் வந்து கேட்டவள் நானே. முன்பிருந்த அலுவலர், பாட்டி ஆசைப்படுகிறது என்று சிரித்துக்கொண்டே ஆளைவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு மாற்றி வைத்தார். அன்றைக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் நான் சேவும் காப்பியும் வாங்கிக் கொடுத்தேன்.

4. எங்கள் பக்கத்துக் கூலிக்காரர்களுக்குத் தீபாவளி என்பது சீசன். ஊர் உலகம் வெடிக்கிறதை நாங்கள் செய்து முடித்து, லோடு ஏற்றி அனுப்பிவிட்டு நிமிரும்போது பண்டிகை வந்து போயிருக்கும். அசதியில் கறி வாங்கித் தின்றுவிட்டுத் தூங்குவோம். எங்களுக்கு உண்மையான கொண்டாட்டம் அதற்குப் பிறகுதான். கம்பெனியைக் கொஞ்ச நாள் பூட்டுவார்கள். கை கழுவினால் நகக்கண்ணில் சாம்பல் நிறம் போய்ச் சதை தெரியும். பனி விழும். கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் எங்கள் பிள்ளைகள் எங்களோடு இருக்கிற காலம். தங்கள் பலகையில் எழுதியிருப்பது அத்தனையும் நாங்கள் வருடம் பூராவும் காத்திருந்து அனுபவிப்பது. ஆகவே இந்த மனுவில் எந்த விழாவையும் நிறுத்தும்படி நான் கேட்கவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

5. சினேகா 2007ஆம் வருடம் போகியன்று காலையில், அடுத்த போட்டிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது தீப்பட்டு, ஆறு நாள் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள். வயது பதினான்கு. கோலத்தின் நடுவில் வைத்த அகல் விளக்கு சாய்ந்து பாவாடையில் பற்றியது என்றும், பிள்ளையின் கவனக்குறைவே காரணம் என்றும் போலீஸ் காகிதத்தில் எழுதியிருக்கிறது.

6. அதற்குப் பிறகும் படம் பலகையில் இருந்தது. பஸ் ஏறப் போனால் பேத்தி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் மகன் பாலகுரு அந்த வழியை விட்டுவிட்டான். கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்துபோய் அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறான். ஆகவே "படத்தைக் கண்டால் குடும்பத்தார் மனம் வேதனைப்படுகிறது, வேறு புதுப் படம் போடவும்" என்று எழுதிக் கொடுப்பவரிடம் காசு கொடுத்து மூன்று முறை மனு எழுதி வாங்கிக் கொடுத்தேன். மூன்றுக்கும் பதில் வந்தது. பதில் போட்டதற்கு நன்றி. மூன்றிலும் ஒரே வாசகம். "தாங்கள் கோரியபடி மாற்றம் செய்ய ஏதுவாக, மேற்படி மாணவியின் அண்மைக்காலப் புகைப்படம் ஒன்றை இணைத்து அனுப்பவும்."

7. மூன்றாவது பதிலை எடுத்துக்கொண்டு போன மாதம் அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தர் ரத்தினசாமி நல்ல மனுசன். அவர் மேல் குறை சொல்லவில்லை. காகிதத்தைப் பார்க்காமலேயே, புதுப் போட்டோ ஒண்ணு கொண்டாங்கம்மா, பத்து நிமிசத்துல முடிச்சுரலாம், இதுக்கா இம்புட்டு நடை நடக்கீக என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு இனிமேல் புதுப் போட்டோ எங்கே எடுப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சரி தம்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் அவளுக்கு வேறு படமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் நிறுத்தி எடுத்த படத்தில் மூன்றாவது வரிசையில், முன்னால் நிற்கிற பிள்ளையின் ரிப்பனுக்குப் பின்னால் பாதி முகம் தெரியும். அம்புட்டுத்தான்.

8. அந்த மூன்று மனுக்களிலும் நான் உண்மையான காரணத்தை எழுதவில்லை. எழுதிக் கொடுப்பவரிடம் சொல்ல முடியாத காரணம். ஆகவே இந்த நான்காவது மனுவை என் கைப்பட எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், பிழை இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது நாளாக எழுதுகிறேன்.

9. ஐயா, தாங்கள் பலகைக்குப் பக்கத்தில் போய் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். கோலம் மயில் கோலம். மயிலின் கழுத்தும் தோகையும் வெள்ளியாக மின்னும். கடையில் விற்கிற கலர்ப் பொடியில் அந்த மினுக்கம் வராது. அது கம்பெனியில் மத்தாப்புக்குப் போடுகிற அலுமினியப் பவுடர். கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது நான். சுருக்குப் பையில் வெற்றிலைக்கு அடியில் காகிதத்தில் மடித்து வைத்துக் கொண்டுவந்தேன். கம்பெனி வாசலில் சோதனை போடுவார்கள். அது உள்ளே போகிறவர்கள் தீப்பெட்டி கொண்டு போகிறார்களா என்பதற்கு. வெளியே வருகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. நான் வேலை பார்த்த கம்பெனியின் பெயரை இதில் எழுதவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. எடுத்தது திருட்டு. எடுத்தவள் நான்.

10. கந்தகம் கலக்காத பவுடர் கோலப் பொடியோடு கிடந்தால் ஒன்றும் செய்யாது என்பது எங்கள் நினைப்பு. எங்கள் தெருவில் அதற்கு முன்னாலேயும் ஒன்றிரண்டு பேர் போட்டிருக்கிறார்கள். 2006இல் ஒன்றும் ஆகவில்லை. முதல் பரிசுதான் கிடைத்தது. அதுதான் என் கண்ணைக் கட்டிவிட்டது.

11. மறு வருடம் மார்கழி பிறந்ததிலிருந்தே அவள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்பத்தா, போன வருசம் மாதிரி வெள்ளி வேணும், இல்லாட்டி வடக்குத் தெரு ஆளுக குடத்தை அடிச்சுக்கிட்டுப் போயிருவாக என்றாள். இந்தத் தடவை தேர்க்கோலம், நாலு சக்கரத்துக்கும் வெள்ளி போடணும் என்று நோட்டில் வரைந்து காட்டினாள். நானும் ஆகட்டும் என்றேன். ஆனால் அந்த வருடம் பவுடர் மூட்டை இருக்கிற அறையில் புதுப் பூட்டுப் போட்டிருந்தார்கள். போகிக்கு முதல் நாள் வேலை முடிந்து வரும்போது, வெடிமருந்து சலிக்கிற அறை வாசலில் ஒரு தாளில் வெள்ளிப் பொடி பெருக்கிக் கூட்டி வைத்திருந்தது. அதில் இரண்டு கை அள்ளிக்கொண்டேன்.

12. அது கலக்காத பவுடர் இல்லை. கந்தகம் கலந்த வெடிமருந்து சிந்தியதைப் பெருக்கிய தூசி. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கந்தக வாடையை வைத்து மூக்குதான் பிரித்துச் சொல்லும். நாற்பத்தொரு வருட வேலைக்காரி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். ஆனால் அந்த வாரம் மார்கழிப் பனியில் எனக்கு நல்ல சளி. மூக்கு அடைத்திருந்தது. காப்பி வாசனைகூடத் தெரியவில்லை. மோந்து பார்த்தேன், வாடை இல்லை, நல்ல பவுடர்தான் என்று நினைத்தேன். மூக்கு அடைத்திருக்கிறதே என்ற நினைப்பு எனக்கு அந்த நிமிடத்தில் வரவில்லை. இதைத் தவிர எனக்குச் சொல்ல வேறு சமாதானம் கிடையாது. இதையும் சமாதானமாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

13. அந்த வருடப் போட்டி நோட்டீஸில், கோலத்தில் விளக்கேற்றி வைத்தால் பத்து மார்க் கூடுதல் என்று போட்டிருந்தது. ஆகவே ஐந்து அகல் வாங்கி வைத்திருந்தாள். காலையில் ஆறரை மணி இருக்கும். நன்றாக விடிந்துவிட்டது. மார்க் போடுகிறவர்கள் வடக்குத் தெருவை முடித்துவிட்டு எங்கள் தெரு முக்குக்கு வந்துவிட்டார்கள். நாலு மூலையிலும் விளக்கேற்றிவிட்டாள். நடு விளக்கை மட்டும் பூசணிப்பூவுக்குப் பக்கத்தில் வைத்துக் குனிந்தாள். தீப்பெட்டி தீர்ந்துபோச்சு அப்பத்தா என்று கையை நீட்டினாள். இடுப்பில் இருந்த என் தீப்பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

14. விளக்கு சாயவில்லை. பிள்ளை கவனக்குறைவாக இருக்கவில்லை. பாவாடையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் சுருட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். குச்சியை உரசி விளக்கில் வைத்தாள். குச்சியின் தலையிலிருந்து ஒரு பொறி சக்கரத்தில் விழுந்தது. சத்தம் இல்லை. நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் வெளிச்சமாகிவிட்டது. நான் செய்த எந்த மத்தாப்பிலும் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. அதற்கு மேல் என்னை எழுதச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

15. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்திருந்தது. அப்பத்தா, மார்க் போட்டுட்டாகளா என்று கேட்டாள். போட்டுட்டாக தாயீ, நமக்குத்தான் முதல் பரிசு என்றேன். இந்தத் தடவையும் குடமா என்றாள். குடம்தான் என்றேன். அப்ப ரெண்டு குடமாச்சு, அம்மாவுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, தண்ணிக்குச் சண்டை போடாதீக என்றாள். என் மருமகள் செல்வலட்சுமிக்கும் எனக்கும் குழாயடியில் எப்போதும் சண்டை. சினேகா கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். வெள்ளிப் பொடியைப் பற்றி யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. போலீஸ்காரர் வந்து கேட்டபோதுகூட விளக்கு என்று மட்டும் சொன்னாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு போலீஸ்காரர் என்னிடம் கேட்டார். விளக்கு சாய்ந்துவிட்டது என்று நான் சொன்னேன். கவனக்குறைவு என்று அவர் எழுதிக்கொண்டார். அதில் நான் கையெழுத்துப் போட்டேன்.

16. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாப் பழியும் விளக்கு மேல் விழுந்துவிட்டது. செல்வலட்சுமி இரண்டு கார்த்திகையாக வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. ஊர் பூராவும் வரிசையாக விளக்கு எரியும்போது எங்கள் வாசல் மட்டும் இருட்டாகக் கிடக்கிறது. பிள்ளையைக் கொன்றது விளக்கு என்று அவள் நம்புகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

17. தங்கள் அலுவலகமும் போன வருடம் நோட்டீஸில் விளக்குக்கு மார்க் கிடையாது என்று எடுத்துவிட்டது. நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் அப்பாவியான விளக்கை எடுத்துவிட்டு, மின்னுகிற கோலத்தைப் பலகையில் விட்டுவைத்தார்கள். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. இந்த வருட நோட்டீஸ் போன வாரம் வந்தது. தாங்கள் புதியவர், பழையது தெரியாது. "விளக்குக் கோலத்துக்குச் சிறப்புப் பரிசு" என்று மறுபடியும் போட்டிருக்கிறது.

18. இப்போது அவசரத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு மாடத்தி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் மகள் அழகுமீனாவுக்குப் பத்து வயது. இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி, கார்த்திகைக் கூட்டத்தில், அந்தப் பிள்ளை பலகைக்கு முன்னால் நின்று சினேகாவின் மயிலை நோட்டில் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். எதுக்கு ஆத்தா என்று கேட்டேன். அக்கா மாதிரி வெள்ளிக் கழுத்துப் போடணும் ஆச்சி, எங்கம்மா பொடி கொண்டாந்து வச்சிருக்கு என்றது. என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு முகப்பவுடர் டப்பாவை எடுத்துவந்து மூடியைத் திறந்து காட்டியது. நான் மோந்து பார்த்தேன். இந்த முறை எனக்குச் சளி இல்லை. கந்தக வாடை அடித்தது.

19. டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கண்மாயில் ஈர மண்ணைத் தோண்டிக் கொட்டி மூடிவிட்டேன். பிள்ளை அழுதுகொண்டே போய்விட்டது. சாயங்காலம் மாடத்தி எங்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டாள். கிழவிக்குப் பொறாமை, தன் பேத்தி வாங்குன பரிசை இன்னொருத்தர் பிள்ளை வாங்கிறக் கூடாதுன்னு பாக்குது, செத்தும் இந்தக் குடும்பத்துக்குப் பெருமை போகலை என்று தெருவே கேட்கச் சொன்னாள். என் மகன் பாலகுரு அவளிடம் மன்னிப்புக் கேட்டான். நான் செய்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்டான். ஏன் பிடுங்கினேன் என்று அவளிடம் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மாடத்தி நாளைக்கும் கம்பெனிக்குப் போவாள். இன்னொரு டப்பா கொண்டுவருவாள். மறுநாள் காலையிலிருந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

20. படத்தையே எடுத்துவிடச் சொல்லலாமே என்று தாங்கள் கேட்கலாம். மூன்று முறை அதைத்தான் கேட்டேன். அதில் ஒரு மறைப்பு இருந்தது. படம் போய்விட்டால் வெள்ளியும் போய்விடும், நானும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் என் காலத்தைக் கழித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு டப்பாவைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது, செல்வலட்சுமி பேருந்து நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு இல்லை. முந்தானையைத் தண்ணீரில் நனைத்துப் பலகையில் பிள்ளையின் முகத்தில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தை மட்டும் துடைத்துவிட்டு, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. என்னைப் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் மளிகைக் கடைக்குப் போகிறேன் என்று எங்கே போய் வந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த முகத்தை அங்கிருந்து எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

21. ஆகவே புதுப் படம் போடும்படி கேட்ட மூன்று மனுக்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இனி புதுப் படம் கேட்க மாட்டேன். அதே படம் இருக்கட்டும். அதன் கீழே, தள்ளி நின்று பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில், இந்த இரண்டு வரியை எழுதும்படி தங்களை மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

"இந்தக் கோலத்தில் மின்னுவது பட்டாசுக் கம்பெனிப் பொடி. மறு வருடம் அந்தப் பொடிதான் இந்தப் பிள்ளையை எரித்தது.
கொண்டுவந்து கொடுத்தது அவளுடைய அப்பத்தா. இனி யாரும் கொண்டுவர வேண்டாம்."

22. இதை வருகிற ஜனவரி பதின்மூன்று, போகிக்கு முன்னால் செய்ய வேண்டும். இன்றோடு சேர்த்து இருபத்து மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் ஆட்டோவில் மைக் வைத்துப் போட்டி அறிவிப்புச் செய்யும்போது இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்ல வேண்டும். கம்பெனிப் பொடி போட்ட கோலத்துக்குப் பரிசு கிடையாது என்று நோட்டீஸிலும் அச்சடிக்க வேண்டும். பரிசு கிடையாது என்று சொன்னால்தான் எங்கள் பெண்டுகள் கேட்பார்கள். ஆபத்து என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். ஆபத்துக்கு நாங்கள் தினமும் டிபன் தூக்கிக்கொண்டு போய் வருகிறோம். 2006ஆம் வருடத்து முதல் பரிசு வெள்ளிப் பொடியால் வாங்கியது. குடத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். ஆனால் கோலம் அவள் சொந்தக் கையால் போட்டது. ஒரு கோடுகூட நான் இழுத்துக் கொடுக்கவில்லை. அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

23. நான் எடுத்ததற்கும் மறைத்ததற்கும் என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் வருகிறேன். போலீஸ் காகிதத்தில் "பிள்ளையின் கவனக்குறைவு" என்று இருப்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுத யாருக்கு மனு கொடுக்க வேண்டும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அவள் ஒரு விசயத்திலும் கவனக்குறைவான பிள்ளை இல்லை.

24. இந்த மனுவை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்றைத் தங்கள் மேசையில் வைத்துவிட்டு, மற்றதை வீட்டுக்குப் போய்ச் செல்வலட்சுமி கையில் கொடுக்கப் போகிறேன். அவள் படித்து முடித்து விளக்கு ஏற்றுவாளா, என்னை வெளியே போகச் சொல்வாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மேலே கண்ட முகவரியில் நான் இருப்பேனா என்பதும் தெரியாது. ஆகவே இந்த மனுவுக்குத் தபாலில் பதில் அனுப்ப வேண்டாம். நான் எங்கே இருந்தாலும் தினமும் ஒரு முறை பேருந்து நிறுத்தத்துக்கு வருவேன். பலகையில் அந்த இரண்டு வரி இருந்தால் அதுவே எனக்குப் பதில். எனக்குப் படிக்கத் தெரியும்.

இடம்: நொச்சிநத்தம்
நாள்: 22.12.2008, மார்கழி 7, திங்கட்கிழமை

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து நிற்கும்,
(கையெழுத்து) ஊ. கருப்பம்மாள்
சினேகாவின் அப்பத்தா

இணைப்பு:
1. தங்கள் அலுவலகப் பதில்கள், மூன்று.
2. 2006 கோலப் போட்டி முதல் பரிசுச் சான்றிதழ், அசல்.
3. மாணவியின் அண்மைக்காலப் புகைப்படம்: இல்லை.